ஒரு பக்கம் பைலா

கொழும்பிலிருந்து புறப்பட்ட இரவு பஸ் கந்தளாய் வரைதான் ஓடியது. விடிகாலையில் இறக்கிவிட்டார்கள். திருகோணமலைக்கு இன்னும் இருபத்தைந்து மைல். தலைக்கு நூற்றைம்பது ரூபாய் என்று ஒரு வான்காரர் கூப்பிட்டார். அன்புவழிபுரத்துக்காரர், பெயர் யோகன். என் கணவர் அக்கோடியன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். திருகோணமலை லிங்கநகரில் அவருடைய அக்கா மகளுக்கு அன்று கல்யாணம், விருந்தில் வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். சண்டை நடக்கும் ஊருக்குப் பாட்டு வாசிக்கப் போகிற மனுஷன் இவர் ஒருவர்தான் என்று வெள்ளவத்தை வீட்டிலேயே சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

யோகனிடம் மூன்று கசெற் இருந்தன.

"ஆமிச் சென்றிக்குச் சிங்கள பைலா ஆட்டப்பாட்டு, அண்ணை. எங்கட சனத்துக்குப் படப்பாட்டு. கிண்ணியா முஸ்லிம் ஆக்கள் ஏறினா அவையின்ர கல்யாணப் பாட்டு. கேக்கிற ஆள்தான் வேற, கைதட்டுற இடம் எல்லாத்திலயும் ஒண்டுதான்."

தம்பலகாமம் கிட்டியதும் பைலாவைப் போட்டார்.

"இது ஓடினா கனக்கத் துருவ மாட்டாங்கள். ஆனா பக்கம் முடிய முதல் நிப்பாட்டிப்போட வேணும். பைலா முடிஞ்சா அடியில கிடக்கிற பழசு கேக்கும், முழுக்க அழிபடேல்ல."

"பழசெண்டா?" என்று கேட்டேன்.

"இயக்கத்தின்ர போராட்டப் பாட்டு, அக்கா. தம்பி ஆரிட்டயோ வாங்கி வந்தவன். வெறுங் கசெற் கிடைக்கேல்ல, அதுக்கு மேலயே பதிஞ்சனான்."

ஆமி அதைக் கேட்டால் எல்லாரும் அகப்படுவோம். தூக்கி எறியச் சொன்னேன். எறிந்தால் சென்றியில் எதைப் போடுவது என்று கேட்டார்.

சென்றியில் இறங்கி அடையாள அட்டைகளை நீட்டினோம். யோகன் வானுக்குள் கையை விட்டுப் பாட்டை நிறுத்தப் போனார். ஒரு ஆமிக்காரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்ல பாட்டு. ஓடட்டும்," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, சத்தத்தையும் அவனே கூட்டினான். இன்னொருவன் வானின் முகப்பில் தாளம் தட்டினான். இருபது வயதுகூட இராது.

கடைசிப் பாட்டு தொடங்கியது. அதோடு பைலா முடிகிறது, அடுத்துப் பழசு வரும் என்று யோகனின் முகம் சொல்லிவிட்டது. அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பல்லவி திரும்பி வரும்போதெல்லாம் இன்னும் ஒருமுறை வா, பிள்ளையாரே, இன்னும் ஒருமுறை என்று கும்பிட்டேன். அவ்வளவு சந்தோஷமான பாட்டைக் கேட்டு அவ்வளவு பயந்தது அன்றுதான்.

"அந்தப் பெட்டி என்ன?" என்றான் முதலாமவன்.

என் கணவர் பெட்டியைத் திறந்தார். பட்டியைத் தோளில் மாட்டி, ஓடிக்கொண்டிருந்த அதே பாட்டைக் கசெற்றைவிடப் பலமாக வாசிக்கத் தொடங்கினார்.

"யோகன், அதை நிப்பாட்டும். ரெண்டும் ஒத்துவராது," என்றார், திரும்பிப் பார்க்காமலே.

யோகன் நிறுத்தினார். பெடியன்கள் கைதட்டி ஆடினார்கள். மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். பிறகு தடையைத் தூக்கிவிட்டார்கள்.

சீனன்குடாவில் துறைமுகத்துத் தண்ணீர் தெரிந்தபோது யோகன் அந்தக் கசெற்றை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். "நான் திரும்பியும் போகவேணுமே, அக்கா," என்றார்.

லிங்கநகரில் தாலி கட்டும்வரை நாதஸ்வரம். சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரடங்குக்கு முன் வீடு சேரவேண்டுமென்ற அவசரத்தோடு, பந்தலில் பைலா கேட்டார்கள். என் கணவர் தொடங்கியதும் மாப்பிள்ளையின் கிண்ணியா நண்பர்கள் முதலில் எழுந்தார்கள், பிறகு மாப்பிள்ளையோடு வேலை செய்யும் கந்தோர்க்காரர்கள், பிறகு எல்லாருமே. பாட்டு முடியவேண்டிய இடத்தில் அவர் முடிக்கவில்லை. திரும்பவும் பல்லவிக்குப் போனார். மறுபடியும் போனார்.

"பொம்பிளையின்ர மாமா இண்டைக்கு நல்ல சந்தோஷத்தில நிக்கிறார்," என்றார் பக்கத்துக் கதிரைக்காரர்.

என் கணவரின் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுகிறவர்களுக்கு ஊடாகப் போய் அவர் கைமேல் கை வைத்தேன்.

"முடியுங்கோ. இது சென்றியில்லை, கல்யாண வீடு."

நிறுத்தினார். பந்தல் முழுக்கக் கைதட்டியது. அவர் மட்டும் தலையைச் சரித்து, அடுத்து என்ன கேட்கப்போகிறதென்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்.