ரப்பர் வளையம் போட்ட கை

1976. அப்போது நாங்கள் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் இருந்தோம். அக்காவைத் தாப்பாவில் கட்டிக்கொடுக்க நாள் குறித்தாகிவிட்டது. அவள் போவதற்குள் மூன்று சகோதரிகளும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். ஈப்போவில் வேலை பார்த்த அண்ணன், கூட்டாளியிடம் கேமராவை இரவல் வாங்கி வந்தார்.

பட்டுச்சேலை கட்டி வாசலில் நின்றதுதான் தாமதம், அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"மூணு பேரா நிக்காதீங்கடி! நடுவுல நிக்கிறவளுக்கு ஆகாது. கல்யாணப் பொண்ணுடி அவ!"

நான்காவது ஆளுக்கு எங்கே போவது? ரப்பர் மரத்தில் பால் வெட்டும் சட்டையோடு நிற்க அம்மாவுக்கு வெட்கம். அண்ணன் கையில் கேமரா. அந்த நேரம் பார்த்து, வழக்கமாக வரும் சீன மீன்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் மீன் விற்றே தமிழ் பேசப் பழகியவர். அண்ணன் விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட்டதும் மனிதருக்கு ஒரே சிரிப்பு.

"நான் மீன் நாத்தம்லா. பரவால்லையா தங்கச்சி?" என்று கேட்டு, ஓரத்தில் இருந்த என் பக்கத்தில் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

படம் கழுவி வந்தது. ஒரே ஒரு பிரதி. எங்களையெல்லாம்விட அவர்தான் அழகாகச் சிரித்திருந்தார். எனக்கோ எரிச்சல். பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் அரைக்கால் சட்டையும் மீன் பெட்டியுமா? கத்தரிக்கோலை எடுத்தேன், அவரை நறுக்கினேன், துண்டை அடுப்பில் போட்டேன். கைப்பிடியில் இருந்த கையை மட்டும் விட்டுவிட்டேன். அதை வெட்டினால் என் சேலை மடிப்பும் போய்விடும். பொட்டலம் கட்டுகிற ரப்பர் வளையங்கள் மணிக்கட்டு நிறையக் கிடக்க, அந்தக் கையோடு படம் சுவரில் ஏறியது.

"போட்டோல நான் நல்லா சிரிக்கிறனா?" என்று ஒருநாள் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று கூசாமல் சொன்னேன். காட்டவில்லை.

ஐந்து வருடம் போயிருக்கும். சில வாரமாக மீன்காரரைக் காணவில்லை. ஒரு மத்தியானம் அவருடைய மகள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டாராம். வீட்டில் வைத்துக் கும்பிட அடையாளக் கார்டுப் படம்தான் இருக்கிறதாம். அதில் முறைத்துக்கொண்டிருக்கிறாராம்.

"அப்பா எப்பவும் சொல்லும், எஸ்டேட் வீட்டுல நான் சிரிக்கிற போட்டோ இருக்குன்னு. அது குடுங்க அக்கா, கடையில காப்பி போட்டுட்டு திருப்பித் தாரேன்."

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. நெகட்டிவ் வைத்திருந்த அண்ணனின் கூட்டாளி எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. வாய் குழறக் குழற உண்மையைச் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் படத்தின் அருகில் போய், கண்ணாடி மேல் அந்த ரப்பர் வளையங்களை விரலால் தொட்டாள்.

"இது அப்பா கை."

அதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று படத்தைக் கழற்றி, கத்தரிக்கோலை எடுத்தேன். அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள்.

"ஜாங்கான், வேணாம் அக்கா! வெட்டாதீங்க. உங்க சேலை போயிடும்லா!"

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. முழுப் படத்தையும் நீட்டினேன். நாங்கள் மூன்று பேரும் அதில் இருக்கிறோமே என்று சொல்லி, வாங்காமல் வெறுங்கையோடு போனாள்.

அன்று நடுவில் நின்ற அக்கா தாப்பாவில் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறாள். படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் இது யார் கை என்று கேட்கிறார்கள், நானும் மறைக்காமல் சொல்கிறேன். எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பக்கத்தில் வந்து நின்ற மனிதரின் சிரிப்பை அடுப்பில் போட்டவள் நான் என்பதை, அந்தக் கை இன்றுவரை என்னை மறக்க விடவில்லை.