பட்டாபியின் பன்னிரண்டாவது தட்டு

கரமனைப் பட்டாபிக்குக் காரணமில்லாமல் எதையும் செய்யப் பிடிக்காது. முப்பத்துநாலு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நஷ்டஈட்டு மனுக்களைப் படித்ததில், எந்தச் சம்பவத்துக்கும் முன்னால் ஒரு காரணம் உட்கார்ந்திருக்கும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்றதும் டாக்டர் தினம் நாலு கிலோமீட்டர் நடக்கச் சொன்னார். "எங்கே?" என்று கேட்டார் பட்டாபி. "எங்கேயும் இல்லை, சும்மா நடந்தால் போதும்" என்றார் டாக்டர். டாக்டர்மேல் இருந்த மதிப்பில் பாதி அன்றே போய்விட்டது.

வெள்ளாயணி ஏரிக்கரைப் பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் வந்தபோதுதான் அவருடைய கால்களுக்கு ஒரு நியாயம் கிடைத்தது. ஒன்பது இடங்களில், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகளைக் கம்பத்தில் நிறுத்தியிருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வீச வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் ஒன்பது கூடைகளிலும் போட்டவர் ஜெயித்தவர். பட்டாபி ஒருமுறையும் ஜெயித்ததில்லை. அவருக்கு அது பொருட்டுமில்லை. தட்டு அங்கே கிடக்கிறது, ஆகவே நடக்கிறோம். அதை அங்கே எறிந்ததே நாம்தானே என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்திருக்காது. மனிதர்கள் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

ஏழாவது கூடை மட்டும் ஏரியின் ஒரு மடிப்புக்கு அக்கரையில் இருந்தது. அதைத் தாண்டப் பார்த்து, இரண்டு வருஷத்தில் பதினோரு தட்டுகளை ஏரிக்குக் கொடுத்திருந்தார் பட்டாபி.

அவர் மனைவி விஜயலக்ஷ்மிக்கு வேறொரு ஈடுபாடு. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் குடியிருப்போர் சங்க ஹாலில் இருபது பேர் வட்டமாக நின்று, யாரும் ஒரு ஜோக்கும் சொல்லாமலே, ஒரு மணி நேரம் சிரிப்பார்கள். இதயத்துக்கு நல்லதாம். பதினோராவது தட்டு மூழ்கிய அன்று அவள் சொன்னாள்:

"ஏன்னா, பன்னெண்டாவதும் தண்ணியிலே போச்சுன்னா இந்த எறியறதை விட்டுடணும். என்னோட ஹாலுக்கு வந்து சிரிக்கணும்."

"எதைப் பார்த்து?"

"எதையும் பார்க்க வேண்டாம். அதாக்கும் விசேஷம். முப்பத்தெட்டு வருஷத்திலே உங்க பல்லைப் பார்த்த ஒரே ஆள் பல் டாக்டர்தான்."

பட்டாபி ஒத்துக்கொண்டார். பன்னிரண்டாவதாக ஓர் ஆரஞ்சு நிறத் தட்டு வாங்கினார். அன்றுமுதல் ஏழாவது இடத்தில் தண்ணீர்ப் பக்கமே போகாமல், கரையோர நடைபாதை வழியாகச் சுற்றி வீசினார். நாலு வீச்சு கூடிப்போகும். போகட்டும். காரணமில்லாமல் சிரிப்பதைவிட நாலு வீச்சு மேல்.

மார்ச்சில் வெயில் ஏறியது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிறு ஆட்டத்தை நடத்திவந்த அஜிதா, மூன்று மணி ஆட்டத்தை ஐந்தேகாலுக்கு மாற்றினாள். பட்டாபி நாலே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம்.

பட்டாபிக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. அதைச் சோதித்துப் பார்க்கும் துணிவும் கிடையாது. இப்படிப்பட்டவர்களுக்காகவே பெரியவர்கள் பரஸ்தானம் என்று ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். கெட்ட வேளையில் கிளம்ப வேண்டியிருந்தால், முன்கூட்டியே நல்ல வேளையில் பயணச் சாமான் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டு வைத்துவிடுவது. பயணம் அப்போதே ஆரம்பித்துவிட்டதாகக் கணக்கு. காலை ஏழே முக்காலுக்குப் பட்டாபி ஆரஞ்சுத் தட்டோடு அடுத்த வீட்டு ராஜஸ்ரீயிடம் போனார்.

"பரஸ்தானம். சாயங்காலம் எடுத்துக்கறேன்."

"சுவாமி ரூமுக்குள்ளே வெக்கட்டுமா மாமா?"

"எங்கேயாவது வை. கெளம்பியாச்சுன்னு இருந்தாப் போரும்."

வாழ்நாளில் எல்லாருக்கும் திட்டவட்டமாக உத்தரவு போட்டவர், 'எங்கேயாவது' என்று சொன்னது அன்று ஒருமுறைதான். ராஜஸ்ரீ அதைச் சமையல் மேடையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் சமையல் அவள் கணவன் வெங்கிடேஷுடையது.

மாலையில் பட்டாபி வந்து பார்த்தபோது தட்டின் நடுப்பகுதி குழிந்து, பாயசம் ஊற்றலாம்போல இருந்தது.

"பிரிமணையைக் காணோம் மாமா" என்றான் வெங்கிடேஷ். "குக்கரை எறக்கி வெக்க இது கணக்கா இருந்துது. மூணு விசில்தான்."

"இதை நான் எறியணும்டா!"

"குக்கர் வெக்கறச்சே எனக்கு அது தோணலையே மாமா."

பழைய ஆபீஸாக இருந்தால் மனுவில் பட்டாபி இப்படி எழுதியிருப்பார்: சேதத்துக்குக் காரணம், முன்ஜாக்கிரதை.

பூங்காவில் கூட ஆடும் யூசுப் தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான். தென்காசிக்காரன். விழிஞ்ஞத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். "என்ன சாரே, பொரிச்ச பப்படம் மாதிரியில்லா இருக்கு?"

பட்டாபி தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆறு கூடைகளை எப்படியோ முடித்தார். தட்டு ஒவ்வொரு முறையும் நேராகப் போவதுபோலப் போய், பாதியில் மனம் மாறிக் கீழே குதித்தது. ஏழாவது இடத்துக்கு வந்தால் நடைபாதையில் கயிறு கட்டியிருந்தது. உள்ளே புதுக்கல் பதிக்கும் வேலை.

"அங்கிளே, இன்னைக்கு அந்தப் பக்கம் போக முடியாது" என்றாள் அஜிதா, மலையாளம் கலந்த தமிழில். "நேரே தண்ணிக்கு மேலே எறியணும். இல்லைன்னா இது விட்டுடுங்க. சாரமில்லை, போகட்டும்."

விடுவதா? ஒன்றை விட்டால் மனசு அடுத்த வாரமும் விடச் சொல்லும். பிறகு எதற்கு நடப்பது? பட்டாபி தண்ணீரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஐம்பத்தெட்டு.

"ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோ."

பரஸ்தானக் கதையை வரும்போதே கேட்டிருந்த யூசுப் விடவில்லை. "காலையிலயே கெளம்பியாச்சுன்னு சொன்னீங்களே சாரே?"

"அது தட்டு கெளம்பினது. நான் கெளம்பினது நாலே முக்காலுக்கு."

ஆறு மணி தாண்டி ஒரு நிமிஷம் ஆனதும் வீசினார். தட்டு நடுங்கிக்கொண்டே உயர்ந்து, ஏரிக்கு நடுவில் ஒரு கணம் யோசித்து, மல்லாந்தபடி தண்ணீரில் சறுக்கி உட்கார்ந்தது. பட்டாபி ஹாலில் வட்டமாக நிற்கும் இருபது பேரை நினைத்துக்கொண்டார். இனி அங்கே அவர் இருபத்தொன்றாவது ஆள்.

தட்டு மூழ்கவில்லை.

பதினோரு தட்டுகள் மூச்சுக் காட்டாமல் போன இடத்தில், பன்னிரண்டாவது ஆரத்தித் தட்டு மாதிரி மிதந்தது. "கற்பூரம் ஒண்ணுதான் குறைச்சல் சாரே" என்றான் யூசுப்.

பட்டாபியின் தொண்டையில் விக்கல்போல ஏதோ கிளம்பியது. அடக்கிப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் வந்தது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ, அங்கிளுக்கு எந்தோ ஆச்சு! வெள்ளம் கொடு, குடிக்க வெள்ளம்!" என்று அஜிதா வீடியோ எடுத்துக்கொண்டிருந்த போனைப் பிடித்த கையோடு ஓடிவந்தாள்.

"மூணு விசில்" என்றார் பட்டாபி. சிரிப்பில் அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. அவருக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. பார்த்தவர்களுக்கு அது சங்க ஹாலில் நடப்பதைப் போலவேதான் தெரிந்திருக்கும்.

அரைமணி நேரத்தில் காற்று தட்டைக் கரையோர ஆகாயத்தாமரைக்குள் கொண்டு சேர்த்தது. யூசுப் ஒரு மூங்கிலால் இழுத்துக் கொடுத்தான்.

வீட்டில் விஜயலக்ஷ்மி சிரித்துவிட்டு வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத் தட்டைப் பார்த்தாள்.

"தண்ணியிலே விழுந்துதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தட்டுதான் கையில் இருக்கிறதே. "விழுந்துது" என்றார் பட்டாபி. "மூழ்கலை. போச்சுன்னா மூழ்கறதுன்னுதான் அர்த்தம்னு வாதாட இடமுண்டு. ஆனா நீ அப்படி நெனச்சுச் சொல்லலை. அடுத்த வாரம் ஹாலுக்கு வரேன்."

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. பட்டாபியின் போனில், அஜிதா ஆட்டக்காரர் குழுவுக்கு அனுப்பிய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டு ஓடியபோதும் அஜிதா பதிவை நிறுத்தியிருக்கவில்லை. விஜயலக்ஷ்மி மூன்று தரம் பார்த்தாள்.

"கடைவாய்ப் பல் ஒண்ணு இல்லையே, எப்போ எடுத்தேள்?"

"தொண்ணூத்தெட்டிலே."

அவள் போனைக் கீழே வைத்தாள். "நீங்க ஹாலுக்கு வர வேண்டாம். ஒரு வருஷமா அங்கே சிரிக்கறோம், ஒருத்தருக்கும் இப்படி வரலை. நான் ஏரிக்கு வரேன்."

அடுத்த ஞாயிறு காலை ஏழே முக்காலுக்குப் பட்டாபி புத்தம் புதிய பச்சைத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ராஜஸ்ரீ நல்ல பிள்ளையாக அதைப் பீரோவில் வைத்துப் பூட்டக் கைநீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய் வெங்கிடேஷின் முன்னால் மேடையில் வைத்தார்.

"இது மாமியோடது. மூணு விசில். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."