பட்டு ஒத்துக்கொண்ட தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கம். மழை பொய்த்துப்போய், காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் கிணறெல்லாம் அடிமண் தெரியக் கிடந்த சமயம். பெரிய காஞ்சிபுரத்தில் எனக்குச் சின்னதாக ஒரு சாயப்பட்டறை இருந்தது. பட்டு நூலைச் சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை போக்கி, சாயம் ஏற்றித் தறிக்காரர்களுக்குக் கொடுப்பது தொழில். தண்ணீர் இல்லாமல் பட்டறை நின்றுவிட்டது. வேறு வழியின்றிப் பின்கட்டில் பாறை வரைக்கும் துளை போட்டு அடிபம்பு வைத்தேன்.

சாயக்காரன் தண்ணீரை நாக்கில் சோதிக்க மாட்டான், நூலில்தான் சோதிப்பான். முதல் குடத்துத் தண்ணீரில் ஒரு சிட்டம் நூலை நனைத்து அரக்குச் சிவப்பு ஏற்றினேன். சோப்பு பொங்கி நுரைத்தது. திட்டு விழாமல் நிறம் அப்படிப் பிடித்தது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"பட்டே ஒத்துக்கிச்சு, அப்புறம் இன்னாபா?" என்று பக்கத்து வீட்டுத் தறிக்காரர் முதல் ஆளாகக் குடத்தை நீட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கே தண்ணீர் கொடுத்த புண்ணியவான் என்ற நினைப்பு.

என் மனைவிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "குடிச்சாலும் தாகம் அடங்கலீங்க. நான் கோயில் பக்கத்துக் கிணத்துலயே மொண்டுக்கினு வரேனே" என்றாள். அந்தக் கிணற்றில் ஊறுவதே கலங்கல் தண்ணீர்.

"பட்டுக்குப் பிடிச்ச தண்ணி உனக்குப் பிடிக்கலியா, மகாராணி?" என்று நாலு பேர் முன்னால் கிண்டல் செய்தேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்று வருஷம் அதையே குடித்தாள்.

பிறகு காலையில் முகம் அதைத்துப்போக ஆரம்பித்தது, சாயங்காலம் கால் வீங்கியது. ஒருநாள் மெட்டி விரலில் இறுகிக்கொள்ள, சோப்புத் தடவித்தான் கழற்றினோம். அந்தத் தண்ணீரில் அன்றைக்கும் சோப்பு நன்றாகத்தான் நுரைத்தது.

மெட்ராசில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான், வெட்கமில்லாமல், பெருமையாகவே அந்த நூல் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நூலு ஒரு நாள் குடிச்சதுப்பா. இவங்க தினம் குடிச்சிருக்காங்க" என்றார்.

அவர் சொன்னபடி தண்ணீரை அரசாங்கச் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். பாறையிலிருந்து கரைந்த சோடா உப்புகள் அளவுக்கு மீறி இருக்கின்றன, சோப்பு நுரைக்கும், ஆனால் குடிக்க உதவாது என்று பதில் வந்தது. வேறு என்னென்ன கரைந்திருக்கிறதோ, அதைக் கண்டுபிடிக்க அங்கே வசதி இல்லையாம். தண்ணீர்தான் காரணம் என்று டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை.

வீடு வீடாகப் போய்க் குடிக்காதீர்கள் என்றேன். யார் கேட்டார்கள்? "கண்ணாடி கணக்கா இருக்குது, இதுல இன்னாபா கோளாறு? நீதானே நூலை முக்கிக் காட்டினே?" என்றார் அதே தறிக்காரர்.

அப்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே என் பின்னால் வந்து நின்றாள். சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கி, வீங்கிய பாதங்களைக் காட்டினாள். "இத்தப் பாத்துட்டு அப்புறம் குடிங்கம்மா" என்று அவர் வீட்டுப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள். மறுநாள் எங்கள் பம்படியில் ஒரு குடம்கூட இல்லை.

இரண்டு வருஷத்தில் அவள் போய்விட்டாள்.

அண்மையில் பேப்பரில் படித்தேன். சில இடங்களில் நிலத்தடி நீரில் யுரேனியம் இருக்கிறதாம். நிறமோ வாசனையோ ருசியோ காட்டாமல் சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். எங்கள் பம்பில் வந்தது அதுதானா, தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஆனால் நூலைக் கேட்டவன் குடிக்கிறவளைக் கேட்கவில்லையே. தாகம் அடங்கவில்லை என்று அவள் சொன்ன அன்றே அந்தக் குடத்தைக் கொட்டிக் கவிழ்த்திருக்க வேண்டும் என்பதை, இன்றைக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் கைக்கு வரும்போதெல்லாம் நினைக்காமல் என்னால் குடிக்க முடிவதில்லை.