கோணாமலையின் கண்ணாடிப் பெட்டி

குருக்கள்மடத்துக் கோணாமலை மட்டக்களப்பு நகரத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தார். திருத்தி உயிர் கொடுத்த கணினிகளை விட, இனி எழும்பாது என்று ஆன கணினிகள்மேல்தான் அவருக்குப் பிரியம். அப்படி ஒன்று கடைக்கு வந்தால் உரியவரிடம் கேட்டு அதன் புரொசசரைக் கழற்றி எடுத்துக்கொள்வார். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தத் துண்டுதான் கணினியின் மூளை. பழைய காலத்தவை பீங்கானில் செய்யப்பட்டவை. நடுவில் பொன்முலாம் பூசிய மூடி, அடியில் ஊசிகளாகக் கால்கள். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் எரிந்துபோன ஓர் அலுவலகத்தின் கரியைக் கிளறித்தான் முதலாவதை எடுத்தார். பீங்கான் கறுத்திருந்தது. மூடி மங்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு நகரத்தில் தொண்டு நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. புதுக் கணினிகள் வந்து இறங்க, பழையவை கோணாமலையின் வாசலில் குவிந்தன. 286, 386, 486 என்று வீட்டு அலுமாரியில் மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்தில் புரொசசர்கள் நிறைந்தன.

"ஊர்ல மனிசர் சாமிப்படம் மாட்டுவாங்க. இவர் செத்த கொம்பியூட்டர்ர மூளையச் சேத்து வைக்கார்" என்று மனைவி இலட்சுமிப்பிள்ளை அயலில் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவள் சிரிப்பதில் அவருக்குக் குறையில்லை.

அவற்றை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கடைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று காத்தான்குடியில் கண்ணாடி வெட்டும் பாறூக்கிடம் போனார். கோணாமலை கொண்டுவந்த பலகையைப் பாறூக் அளந்துவிட்டு, "பசை போட்டு ஒட்டிருவமா?" என்று கேட்டார்.

"பசை வேணாம். ஒட்டினா பிறகு கழட்டேக்க எழுத்தெல்லாம் உரிஞ்சிரும்."

"அப்ப ரெஜிபோம், அந்த வெள்ளைத் தக்கையில குத்தி வைங்க."

"அதுல மின்சாரம் ஊறும் பாறூக். கண்ணுக்குத் தெரியாது. உள்ளுக்க எரிச்சுப்போடும்."

"செத்ததுதானே கோணாமலை. இன்னும் என்னத்த எரியிற?"

"செத்தது இதுகள் இருந்த போர்ட்டுகள்தான். இதுகள்ள பாதிக்கு இன்னும் உயிர் இரிக்கி" என்றார் கோணாமலை.

புதுப் புரொசசர்கள் வரும்போது அடியில் ஒரு கறுப்புப் பஞ்சு வரும். மின்சாரத்தைத் தேங்க விடாத பஞ்சு அது. அதை வெட்டிப் பலகையில் பரப்பினார். வளைந்த கால்களை, உள்குச்சி எடுத்த அழுத்துப் பென்சிலின் வாய்க்குள் ஒவ்வொன்றாக நுழைத்து நிமிர்த்தினார். சன்னல் கம்பியைத் தொட்டுக் கையிலிருக்கும் மின்சாரத்தை இறக்காமல் எதையும் தூக்கவில்லை. ஓரத்தில்தான் பிடித்தார். பஞ்சில் குத்திய பிறகு, வாவியில் மீன் பிடிக்கிறவர்களின் தங்கூசி நூலால் நான்கு மூலையிலும் மெல்லக் கட்டினார். பசையில்லை, ஆணியில்லை. உப்புக் காற்றின் ஈரம் பிடிக்காமலிருக்கச் சப்பாத்துப் பெட்டிகளுக்குள் வரும் சிறு உப்புப் பைகளைப் பாறூக் கடைகடையாகச் சேர்த்துக் கொடுத்தார். அவற்றைப் பெட்டியின் அடித்தட்டில் மறைத்து வைத்தார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பெட்டி கடைச் சுவரில் ஏறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். அந்தக் காலத்தில் ஆட்கள் நின்று பார்க்க நகரத்தில் வேறு நல்ல காட்சி இருக்கவில்லை. பஸ்ஸால் இறக்கிச் சுட்டுப் போட்ட உடல்களைத்தான் காலையில் நின்று பார்த்தார்கள்.

அரசாங்கத்தோடு சேர்ந்து நின்ற ஆயுதக்குழு ஒன்று வாவியைப் பார்த்த ஒரு வீட்டை எடுத்துத் தன் அலுவலகமாக்கியிருந்தது. அதன் பொறுப்பாளர் பிரிண்டர் பழுது என்று ஒருநாள் கடைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். இடுப்பில் துப்பாக்கி. உயர்தரத்தில் கணிதம் படித்தவர் என்று ஊரில் பேச்சு. பெட்டியின் முன்னால் நின்றவர் நகரவில்லை.

"என்ன அண்ணன் இது?"

கோணாமலை எல்லாவற்றையும் சொன்னார். யாரும் அவ்வளவு கவனமாக அவர் பேச்சைக் கேட்டதில்லை. எது எந்த ஆண்டு, எது எவ்வளவு வேகம், ஏன் பசை போடவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். பொறுப்பாளர் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு, "எங்கட ஒபிஸ் சுவர் சும்மா கிடக்கு. வெளிநாட்டு ஆக்களும் வந்துபோற இடம்" என்றார்.

கோணாமலை பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "தம்பி, இத இடம் மாத்தினா பழுதாப்போகும். பாத்துக்க ஆள் வேணும்."

"நீங்க இரிக்கீங்கதானே. சனிக்கிழமைகளில வாங்க."

அன்று பின்னேரமே பெட்டி போனது. கூடவே கோணாமலையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். முன்னறையில் மாட்டப் போனவர்களை அவர்தான் தடுத்தார். அந்தச் சுவர் வாவிக் காற்றுக்கு நேரே நின்றது. எதிர்ச் சுவரில் வெயில் விழும், எழுத்து மங்கிவிடும். வீட்டைச் சுற்றிப் பார்த்து, உள்நடையில் ஒரு பூட்டிய அறையை ஒட்டியிருந்த சுவரைக் காட்டினார். இருட்டாகவும் காய்ந்தும் இருந்தது அந்த ஒன்றுதான்.

"அங்கயா?" என்று ஒருவன் சிரித்தான்.

"அண்ணன் சொன்னா சரி" என்றார் பொறுப்பாளர்.

அடுத்த சனிக்கிழமை, உப்புப் பைகளை மாற்றிக்கொண்டு நின்றபோது, ஏன் சிரித்தான் என்பது கோணாமலைக்கு விளங்கியது. சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஒருவன் அடி வாங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வோர் அடிக்கும் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. அவர் தங்கூசி முடிச்சுகளை இறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் படுத்தார்.

"போகாம இரிக்க ஏலாதா?" என்று இலட்சுமிப்பிள்ளை கேட்டாள்.

"போகாட்டி வீட்ட வருவாங்க."

அது உண்மைதான். ஆனால் வேலை முடிந்த பிறகும், கறுத்த பீங்கானில் தூசி படிந்திருக்கிறதா என்று அவர் நின்று பார்த்ததும் உண்மை.

அலுவலகத்தின் முன்னால் கிடந்த நீள வாங்கில் எந்நேரமும் பெண்கள் இருந்தார்கள். பிள்ளைகளைத் தேடி வந்தவர்கள். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் வெளியே வருவதில்லை. ஒரு தோற்பையோடு வாரம் தவறாமல் உள்ளே போய் நடந்தே வெளியே வருகிற ஒரு மனிதரை அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களில் அன்னப்பூரணி என்பவள் ஒருநாள் அவர் பின்னாலேயே கடைவரை வந்துவிட்டாள். மாங்கேணிக்காரி. ஷெல்லடிக்குத் தப்பி ஓடிவந்து அகதி முகாமில் இருந்தவள். முகாமுக்குப் பின்னால் விறகு பொறுக்கப் போன அவளுடைய மகன் தவசீலனை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"இடப் புருவத்தில ஒரு வெட்டு இரிக்கும் தம்பி. வள்ளக் கயிறு அறுத்தது. உள்ளுக்க இரிக்கானா எண்டு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்டும் கேக்கல்ல."

"நான் பெட்டி துடைக்கப் போறவன் அக்கா. ஒண்டும் தெரியா."

அவள் போகவில்லை. கடை பூட்டும்வரை வாசல்படியில் இருந்தாள். மறுநாளும் வந்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அறையிலிருந்து ஒருவன் வாளியோடு வெளியே வந்தபோது கதவு திறந்தபடி நின்றது. உள்ளே வெறுந்தரையில் ஓர் இளைஞன் சுவரில் சாய்ந்திருந்தான். இடுப்பில் நீலச் சாரன். கைகள் பின்னால். முகம் வீங்கியிருந்தாலும் புருவத்தின் வெட்டு தெரிந்தது. அவன் கோணாமலையைப் பார்த்து, "தண்ணி" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. கோணாமலை பஞ்சுத் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். கதவு மூடியது.

அவர் அன்னப்பூரணியிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொன்னார். "இரிக்கான். உயிரோட இரிக்கான். நான் சொன்னன் எண்டு எங்கயும் சொல்லிப்போடாதீங்க." அவள் அவருடைய காலைத் தொடக் குனிந்தாள். அவர் விலகிக்கொண்டார்.

அவள் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் பிடித்து வைத்திருப்பவர்களை வேறிடத்துக்கு ஏற்றப்போகிறார்கள் என்று வாங்கில் ஒரு கதை அடிபட்டது. அன்னப்பூரணி எழுந்து நேரே உள்ளே போய்விட்டாள். "என்ட புள்ள இஞ்சதான் இரிக்கான். பெட்டி துடைக்கிற தம்பி கண்ணால கண்டவர்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அவளை முடியில் பிடித்து வீதியில் விட்டார்கள். அன்றே அறை காலியானது.

நடந்தது தெரியாமல் கோணாமலை சனிக்கிழமை போனார். பொறுப்பாளர் கதிரை கொடுத்தார், தேநீர் கொடுத்தார்.

"பெட்டியக் கழட்டுங்க அண்ணன்."

திருப்பித் தரப்போகிறார்கள் என்று கோணாமலை நினைத்தார். சுவரிலிருந்து இரண்டு கையாலும் இறக்கினார்.

"பக்கத்தறையில மெத்தை கிடக்கு. அதுல வைங்க. இஞ்ச அதிரும்."

வைத்துவிட்டு வந்தபோது, உள்நடையில் ஒரு மேசை போடப்பட்டிருந்தது. இருவர் அவரைப் பிடித்து வலது கையை மேசைமேல் விரித்தார்கள்.

"கண்டதுக்குக் கண்ணத்தான் எடுக்கணும்" என்றார் பொறுப்பாளர். குரல் உயரவில்லை. "ஆனா இதுகளப் பாத்துக்க உங்களுக்குக் கண் வேணும்."

துப்பாக்கியின் அடிக்கட்டையால்தான் அடித்தார்கள். விரல் விரலாக. கோணாமலை மயங்கியபோது முகத்தில் தண்ணீர் ஊற்றி எழுப்பினார்கள். பிறகு பெட்டியை எடுத்துவந்து இடது கையால் மாட்டச் சொன்னார்கள். ஒருவன் மறுபக்கம் தாங்கினான். பொறுப்பாளர் கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்து, "ஒண்டுக்கும் ஒண்டும் ஆகல்ல" என்றார். அவருக்கு அதில் உண்மையாகவே ஆறுதல் இருந்தது போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் மோட்டார் சைக்கிளால் விழுந்ததாகச் சொன்னார். எலும்புகள் கோணலாகப் பொருந்தின. கட்டு அவிழ்க்குமுன்னே அடுத்த சனிக்கிழமைக்கு ஆள் வந்தது. இடது கையால் துடைத்தார்.

அத்தோடு முடியவில்லை. வாரா வாரம் அங்கே போய்வருகிறவன் காட்டிக்கொடுப்பவனாகத்தான் இருப்பான் என்று குருக்கள்மடத்தில் பேசிக்கொண்டார்கள். கை உடைந்ததைக்கூட, பங்கு பிரிக்கிற சண்டை என்றார்கள். கோயில் திருவிழாவில் இலட்சுமிப்பிள்ளை வந்து இருந்த பாயிலிருந்து மற்றப் பெண்கள் எழுந்து போனார்கள். கடைக்கு ஒருவரும் வரவில்லை. பாறூக் மட்டும் காத்தான்குடியிலிருந்து பழுதான கைத்தொலைபேசிகளைச் சேர்த்து அனுப்பினார். சின்னஞ்சிறு உதிரிகளைத் தூக்கும் சாமணத்தைப் பிடிக்க இலட்சுமிப்பிள்ளை பழகினாள். அவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அவள் ஈயம் ஒற்றினாள். முதலில் நிறையப் பழுதாக்கினாள். பாறூக் அனுப்புவதை நிறுத்தவில்லை.

அடுத்த ஆண்டு குழுவுக்குள்ளேயே பிரச்சினை வந்து பொறுப்பாளரை அவருடைய ஆட்களே சுட்டார்கள். அந்த வீடு கைவிடப்பட்டது. வீட்டுக்காரர் திரும்பிவந்து, பெட்டியை எடுத்துப்போகும்படி சொல்லியனுப்பினார். கோணாமலை போனார். நடை கழுவப்பட்டிருந்தது. பெட்டிக்குள் ஒரு கால் வளையவில்லை, ஓர் எழுத்து மங்கவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு வேணாம்" என்றார். "வைக்கிறதெண்டா வெயில் படாம வைங்க."

தவசீலனை அதன்பிறகு யாரும் காணவில்லை.

அன்னப்பூரணி மாங்கேணிக்குத் திரும்பியிருந்தாள். மாதத்துக்கு ஒருமுறையாவது பஸ் ஏறி நகரத்துக்கு வந்து அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக் கேட்டுவிட்டு, போகும்போது கடைக்குள் வருவாள். முதல்தடவை வந்தபோது இலட்சுமிப்பிள்ளை சாமணத்தைக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் கையப் பாத்தியா?" என்றாள். அன்னப்பூரணி பார்த்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. "என்ட புள்ளையக் கடைசியாக் கண்டவர் இவர்தானே" என்றாள். இலட்சுமிப்பிள்ளை எழுந்து தேநீர் வைத்தாள்.

அவள் கேட்பதெல்லாம் அந்த ஒரு கணத்தைப் பற்றித்தான். என்ன உடுத்திருந்தான், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தான், பார்த்தானா. கோணாமலை கண்டது ஒரு மூச்சு விடுகிற நேரம். அதில் இருந்ததெல்லாம் சில மாதங்களில் தீர்ந்துபோனது. அதன்பிறகு அவர் கூட்டிச் சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் ஒரு சோற்றுக் கோப்பை இருந்தது என்றார். போர்த்திக்கொள்ள ஒரு சேலைத் துண்டு இருந்தது என்றார்.

ஒருநாள் அவள், "என்னக் கூப்பிட்டானா தம்பி?" என்று கேட்டாள்.

இலட்சுமிப்பிள்ளை வேலையை நிறுத்தினாள்.

"ஓம் அக்கா" என்றார் கோணாமலை.

"என்னெண்டு?"

"அம்மா எண்டு முழுசா இல்ல... ம்மா எண்டு. மெல்லமா."

"அவன் சின்னனிலயும் அப்பிடித்தான்" என்றாள் அன்னப்பூரணி. தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. இனி வரமாட்டாள், மனம் ஆறியிருக்கும் என்று இலட்சுமிப்பிள்ளை சொன்னாள். அதற்கடுத்த மாதம் வந்தாள். வழக்கமான கதிரையில் இருந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, "கூப்பிட்டவனுக்கு நீங்க என்ன சொன்னீங்க தம்பி?" என்று கேட்டாள்.