பக்கத்து சீட்டில் ஒரு ரவுண்டு

சில வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற ரேஸ் டிராக்கில் நடந்தது இது. அங்கே சில நாட்களில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி, சொந்தக் காரைக் கொண்டு போய் ஆசை தீர ஓட்டலாம். 'டிராக் டே' என்பார்கள். போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. கார்ப் பைத்தியங்களுக்கு நடக்கிற திருவிழா என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உனக்கு அங்கே என்னம்மா வேலை என்று கேட்பீர்கள். நான் திருவொற்றியூர்க்காரி. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் கணவர் விம்கோ நகரில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். கல்யாணமான புதிதில் மற்ற கணவன்மார்கள் பெண்டாட்டியை சினிமாவுக்குக் கூட்டிப் போவார்கள். இவர் பட்டறைக்குக் கூட்டிப் போய் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தார். எண்ணூர் ரோட்டில் இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள் நெருக்க, நடுவில் சந்து கண்டுபிடித்து ஓட்டித்தான் நான் பழகினேன். அந்த ரோட்டில் ஓட்டியவளுக்கு ரேஸ் டிராக் மொட்டை மாடி மாதிரி என்று எல்லோரிடமும் பெருமை பேசுவார்.

எங்கள் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய ஒரு பழைய சின்னக் கார். அதை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு பிரித்துப் போட்டுவிடுவோம். பெரிய இன்ஜின் மாற்றினார். ஸ்பிரிங்கை இறுக்கமாக்கி வண்டியைத் தரையோடு தாழ்த்தினார். கவிழ்ந்தாலும் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு கட்டினார். போல்ட்டுகளை டீசலில் ஊறப்போட்டுக் கழுவுவது, பிடிக்கச் சொன்னதைப் பிடிப்பது, கோபம் வந்தால் எதிரே உட்கார்ந்து கத்துவது, இதெல்லாம் என் பங்கு. தெருவில் போகிறவர்கள், இது பந்தயக் காரா, பால் வண்டியா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

வண்டி முடிந்ததும் எங்கள் பங்கு ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரித்தோம். அவர் தீர்த்தம் தெளித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஓட்டுகிற சீட்டு மட்டும்தான் இருந்தது. உன் வீட்டுக்காரர் எங்கே உட்காருவார் என்று என்னைக் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

டிராக்குக்குப் போகிற வண்டியில் எடை குறைந்தால் வேகம் கூடும். அதனால் ஏசி போனது, பின் சீட்டு போனது, கடைசியில் பக்கத்து சீட்டும் பரணுக்குப் போனது. அதோடு நின்றோமா? காரின் தரைத் தகட்டின் மேல் சத்தம் கேட்காமல் இருக்கக் கம்பெனியில் தார் மாதிரி ஒரு பூச்சு ஒட்டியிருப்பார்கள். அதையும் சூடு காட்டி உளியால் சுரண்டி எடுத்தோம். வாளி வாளியாக வந்தது. எடை போகிறது, எடை போகிறது என்று மனுஷன் குதியாய்க் குதித்தார். மொட்டைத் தகட்டின் மேல், துருப் பிடிக்காமல் இருக்க லேசாக ஒரு கை ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்தார். கனமாக அடித்தால் அதுவும் எடையாம்!

எங்கள் தெருவுக்குப் பின்னால் கடல். இந்தப் பக்கம் நிலக்கரித் தூசி. காலையில் துடைத்த ஜன்னல் சாயங்காலம் கறுத்துப் போயிருக்கும். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த வண்டியை அதில் விட மனசு வருமா? பட்டறையிலிருந்து லாரித் தார்ப்பாய் ஒன்று கொண்டு வந்தார். லாரியில் சரக்கைக் கட்டுகிற மாதிரியே, காற்று நுழைய வழியில்லாமல் இழுத்துப் போர்த்திக் கயிறு போட்டுக் கட்டுவார். மழைக்காலத்தில் மேலே இன்னொரு பாய் போடுவோம். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று நானும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன்.

டிராக்கில் நான்தான் ஓட்டுவேன். அவருக்கும் நன்றாக ஓட்ட வரும். ஆனால் ஓட்டுவதில் உன் கைதான் சுத்தம் என்பார். டிராக் ஓரத்துக் குட்டைச் சுவரை ஒட்டி நின்று, ஒவ்வொரு ரவுண்டுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வெயிலில் நின்று மூக்கெல்லாம் உரிந்துவிடும். சாயங்காலம் கடைசிச் சுற்றில் மட்டும் பக்கத்தில் ஒரு ஆளை ஏற்றிக்கொள்ளலாம். நான் ஒவ்வொரு முறையும் கூப்பிடுவேன். சீட்டு இல்லையே, என் எடைக்கு உன் நேரம் போய்விடுமே என்று ஏதாவது சொல்லி, 'அடுத்த தபா பாத்துக்கலாம்' என்று முடித்துவிடுவார். நானும் விட்டுவிடுவேன். அடுத்த முறைக்கு என்ன பஞ்சம் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அவருக்கு மஸ்கட்டில் ஒரு பெரிய பட்டறையில் வேலை வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். அவர் இல்லாமல் வண்டியைப் பராமரிக்க என்னால் முடியாது. பெரம்பூரில் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிடுவதாகப் பேசிவிட்டார். கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு டிராக் டே பாக்கி இருந்தது. அதற்கு முதல் நாள் அவரே பரணில் ஏறி அந்தப் பக்கத்து சீட்டை இறக்கினார். அழுக்குத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒரே ஒரு ரவுண்டு உன் பக்கத்துல குந்திகினு போவணும்மே. அப்பால பிளேன் ஏறிக்கிறேன்."

இத்தனை நாள் இந்த ஆசையை எங்கே வைத்திருந்தார் இந்த மனுஷன்!

அவசர அவசரமாகச் சீட்டை மாட்டினோம். ஒரு போல்ட் மட்டும் பிடிக்காமல் சும்மா சுற்றியது. பெரிய வாஷராகப் போட்டு இறுக்கினார். மற்ற நேரமாக இருந்தால் அடியில் படுத்து என்னவென்று பார்க்காமல் விட மாட்டார். அன்றைக்குப் பயணப் பரபரப்பு. சனிக்கிழமை சாயங்காலப் பூசையை முடித்துக்கொண்டு, விடியலில் ஒரு மினி லாரியில் காரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

டிராக்கில் இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார்கள். அன்று சோதித்தவர் எங்கள் வண்டிக்கு அடியில் படுத்து, பக்கத்து சீட்டுக்குக் கீழே ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார். தட்டத் தட்டச் சத்தம் மாறியது. இன்னொரு தட்டு தட்டினார், ஸ்க்ரூ டிரைவர் அப்பளத்தைக் குத்துகிற மாதிரி மேலே வந்துவிட்டது. தரைத் தகடு பொடிப் பொடியாக உதிர்ந்தது. அவர் கோபப்படவில்லை. ஆளை ஏற்றிக்கொண்டு பிரேக் அடித்தால் சீட்டு ஆளோடு பிய்த்துக்கொண்டு போய்விடும் என்றார். ஓட்டுகிற பக்கமும் அதே கதைதான், தனியாகக்கூட ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

போன முறை அந்தத் தரையின் மேல் உட்கார்ந்து நான் என்ன வேகத்தில் பறந்தேன் என்று இப்போது நினைத்தாலும் மாதாவைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரம் என் உயிரைப் பற்றியெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டையில் விரலை விட்டுத் துருவைத் தடவிப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"தார்ப்பாயிதாம்மே," என்றார். "உப்புக் காத்து உள்ள பூந்துக்கீது, வெளிய போவ வழியில்ல. நாமளே பொத்தி வெச்சு ஊற வுட்டுக்கீறோம்."

லாரிக்காரர் புத்தி. லாரியில் சரக்கு நனையாமல் இருந்தால் போதும், போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். எங்கள் வண்டி மாதக் கணக்கில், பூச்சும் இல்லாத மொட்டைத் தகட்டோடு அதற்குள்ளேயே கிடந்தது. நானும்தானே முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன்!

வேறு யாராக இருந்தாலும் நம் விதி என்று உட்கார்ந்திருப்பார்கள். இவர் மெக்கானிக் ஆயிற்றே. சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது, நல்ல தகடாக வைத்து வெல்டிங் பண்ணிக் காட்டினால் மறுபடி பார்ப்பீர்களா என்று சோதித்தவரிடம் கேட்டார். ஒழுங்காகச் செய்தால் பார்க்கிறேன் என்று அவரும் இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அங்கே வேலை செய்த ஒருவருடைய பைக்கில் தொற்றிக்கொண்டு ஊருக்குள் போனார். பொங்கல் முடிந்த ஞாயிறு. எந்தக் கடை திறந்திருக்கும்?

மத்தியானம் தாண்டியது. எங்களுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒரு சிவப்புக் கார் நின்றது. விலையை நினைத்தாலே தலை சுற்றுகிற வெளிநாட்டு வண்டி. அதன் சொந்தக்காரர் பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பாய். வீட்டுக்கு ஃபோன் பண்ணி நான் புலம்பியதைக் கேட்டிருக்கிறார். பேச்சிலேயே நம்ம ஏரியா என்று தெரிந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே வந்து, என்ன விஷயம் என்று விசாரித்தார். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சாவியை நீட்டினார்.

"உங்க வூட்டுக்காரர் வந்ததும் என் வண்டிய எடுத்துக்கோங்க சிஸ்டர். நீங்களே ஓட்டுங்க. போன தபா நீங்க ஓட்டுனத பாத்துக்கீறேன்."

முன்பின் தெரியாத ஒருத்தி கையில் அந்தக் காரை யார் கொடுப்பார்கள்? நான் மறுத்தும் கேட்கவில்லை. தானே போய் நடத்துகிறவர்களிடம் பேசி, கடைசிச் சுற்றில் எனக்கு இடம் வாங்கி வந்தார். இவருக்கு உடனே சொல்ல வேண்டும் என்று ஃபோன் அடித்தேன். எங்கள் காருக்குள்ளேயே மணி அடித்தது. ஃபோனை டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மகராசன்!

எந்தப் பக்கம் போனார், எந்தக் கடையில் நிற்கிறார், ஒன்றும் தெரியாது. இரண்டு ஹெல்மெட்டையும் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தேன். கடைசிச் சுற்று ஆரம்பித்தது. மற்ற கார்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்து சீட்டில் அண்ணனை, நண்பனை, பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போயின. பாய் சிவப்புக் காரை வரிசையில் கொண்டு வந்து நிறுத்தி, பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் அனுப்பிக்கொண்டே இருந்தார். மாதாவே, அந்த ஆளைச் சீக்கிரம் அனுப்பு என்று வாய்விட்டே வேண்டினேன். கொடி காட்டி முடித்துவிட்டார்கள். பாய் என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வண்டியை அணைத்தார்.

அதற்குப் பிறகுதான் இவர் வந்தார். சட்டையில் அங்கங்கே நெருப்புப் பொறி பட்ட ஓட்டைகள். கக்கத்தில், அளவாக வெட்டிய ஒரு தகடு. பூட்டியிருந்த பட்டறையைக் கெஞ்சித் திறக்க வைத்து, தானே நின்று வெட்டி, வெல்டிங் மெஷினையும் ஒரு ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார். முகமெல்லாம் பல். அந்த முகத்திடம் நான் எப்படிச் சொல்வேன்? சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

சிவப்புக் காரைப் பார்த்தார். காலியாகக் கிடந்த டிராக்கைப் பார்த்தார். தகட்டை மெல்லத் தரையில் வைத்தார். பிறகு நேராகப் பாயிடம் போய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். திரும்பும்போது மினி லாரியில் அந்தத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். பூந்தமல்லி தாண்டியது. அப்புறம், "ஃபோன எத்துனு போயிருக்கணும்," என்றார். அழுதுவிடுவேனோ என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் மஸ்கட் போனார். பெரம்பூர்க்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். கடைசியில் அது நிஜமாகவே பேரீச்சம்பழத்துக்குத்தான் போனது. பக்கத்து சீட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை.

ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அங்கே ஒரு டிரெய்லர் மேல் ஏறி வேலை பார்க்கும்போது தவறி விழுந்து இவருக்கு முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் பண்ணி உள்ளே உலோகத் தகடு வைத்து அனுப்பினார்கள். வண்டிக்கு வைக்க வேண்டிய தகட்டை எனக்கு வைத்துவிட்டார்கள் என்று வந்த அன்றே சிரித்தார். நடக்கிறார், பட்டறையில் உட்கார்ந்த வேலை பார்க்கிறார். ஆனால் உடம்பு குலுங்கவே கூடாது, ஆட்டோவில் போவதானாலும் பார்த்துப் போக வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. பாய் இன்னமும் பெருநாளைக்குப் பிரியாணி அனுப்புகிறார். என் வண்டியில் மெதுவாகவாவது ஒரு ரவுண்டு போய் வாருங்கள் என்று கூப்பிட்டும் பார்த்தார். மெதுவாகப் போக நம் எண்ணூர் ரோடு போதாதா பாய் என்று இவர் கேலி பண்ணிவிட்டார்.

அந்தப் பக்கத்து சீட்டுக்கு இரும்புக் கால் வைத்து வீட்டில் போட்டிருக்கிறோம். முதுகுக்கு அது இதமாக இருக்கிறதாம். சில சாயங்காலங்களில் அதில் சாய்ந்துகொண்டு, ஒரு ரவுண்டு விடு என்பார். நான் வலது பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பிப்பேன். இப்போது வெளியே வருகிறோம், நேர் ரோடு, நான்காவது கியர், இதோ வலது வளைவு வருகிறது, பிரேக். கண்ணை மூடியிருப்பார். நான் பிரேக் என்றதும் அவர் கால் தரையை அழுத்தும். ரவுண்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்க மாட்டார்.

அந்தக் கார் துருவாகிப் போனதற்காக நான் வருத்தப்படவில்லை. அவரை ஒரே ஒரு தடவை பக்கத்தில் ஏற்றி ஓட்டிய பிறகு அது அக்குவேறு ஆணிவேறாக உதிர்ந்து போயிருந்தாலும், போகட்டும் என்று சிரித்துக்கொண்டே பெருக்கி அள்ளியிருப்பேன்.