ரெண்டு சம்பந்தி, மூணு கம்ப்யூட்டர்

நடுவுல நிக்கிற தொழில் எதுவா இருந்தாலும் சரி, தரகோ, பஞ்சாயத்தோ, எங்க சாஃப்ட்வேரோ, வேலை ஒழுங்கா நடக்கிற வரைக்கும் நம்மள யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஒண்ணு கோளாறாப் போச்சுன்னா ரெண்டு பக்கமும் நம்ம சட்டையத்தான் பிடிப்பாங்க. உங்கள்ல யாராவது ரெண்டு வீட்டுக்கு நடுவுல தூது போயி வாங்கிக் கட்டிக்கிட்டிருந்தா, இத உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

என் பேரு நைனார். ஊருக்குக் கம்ப்யூட்டர் பாய். தொண்ணூறுகளோட கடைசியில ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, மெயின் ரோட்டு மேல ஒரு சின்னக் கடை போட்டிருந்தேன். ஒரு கம்பெனியில இருக்கிற கம்ப்யூட்டர் ஒரு பாஷை பேசும், அடுத்த கம்பெனிது வேற பாஷை பேசும். நடுவுல உக்காந்து, இது கேக்கிறத அதுக்கும், அது சொல்றத இதுக்கும் புரியிற மாதிரி எடுத்துக் குடுக்கிற சாஃப்ட்வேருக்கு மிடில்வேர்னு பேரு. அத மாட்டிக் குடுக்கிறதுதான் என் பொழப்பு.

பேசாத மனுசங்க

முத்தையா அண்ணாச்சிக்கு ராஜபாளையத்துல நூல் மில். குருசாமி அண்ணாச்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல பேண்டேஜ் துணி நெய்யிற ஃபேக்டரி. இவர் மில்லு நூலத்தான் அவர் நெய்யிறாரு. அது போக ரெண்டு பேரும் சம்பந்திங்க. முத்தையா மக செல்வியக் குருசாமி மகனுக்குக் குடுத்திருக்கு. பிரசவம் முடிஞ்சு தாயையும் பிள்ளையையும் கொண்டு விடப் போன அன்னிக்கு, வாசல்ல நின்னு 'வாங்க'ன்னு ஒருத்தரும் கேக்கலையாம். குருசாமி அந்நேரம் தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. முத்தையா மகள எறக்கி விட்டுட்டு அதே கார்ல திரும்பிட்டாரு. அதோட பேச்சு நின்னுச்சு. பேரன் மொகத்தையும் அவர் அப்புறம் பாக்கல.

ஆனா நூல் போயாகணுமே. நூல் நின்னா ரெண்டு ஃபேக்டரியும் படுத்துரும். ரெண்டு ஆபீஸ் கிளார்க்கும் போன்ல ஆர்டர் பேசி, மொதலாளிங்க சண்டைய அவங்களும் போட ஆரம்பிச்சுட்டாங்க. அப்பத்தான் முத்தையா என்னைக் கூப்பிட்டு விட்டாரு. என்ன செய்யணும் அண்ணாச்சின்னேன். சாவகாசமா வெத்தலையத் தொடையில தொடச்சுக்கிட்டே சொன்னாரு: "கம்ப்யூட்டர் ரெண்டும் பேசட்டும் பாய். நாங்க பேசுறதா இல்ல."

செல்விக்கு வேண்டியது

குருசாமி ஆபீஸ்ல கம்ப்யூட்டரப் பாத்துக்கிறதே செல்விதான். கெட்டிக்காரப் பொண்ணு. நான் வேலைக்குப் போன மொத நாளே, காப்பியக் கையில குடுத்துட்டுப் பக்கத்துல வந்து நின்னா. பயலுக்குக் காது குத்த நாள் வச்சாச்சு. மாமனார் போயி அழைக்க மாட்டேங்காரு, அழைக்காம அப்பா வர மாட்டேங்காரு. அப்பா வராட்டா அண்ணனும் வராது. தாய்மாமன் மடியில உக்கார வைக்காம எந்த ஊர்ல காது குத்துவாங்க? சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

எனக்கும் தங்கச்சி இருக்கு, மனசு கேக்கல. ஆனா நான் என்ன செய்ய? வந்தது வயர் மாட்ட. அதச் சொன்னேன். அவ கண்ணத் தொடச்சுக்கிட்டு சொன்னா: "எங்கண்ணன் மடி இல்லாம எம்பிள்ள காதுல ஊசி ஏறாதுண்ணே. நீங்க மொதல்ல லைனப் போடுங்க."

ஓசிச் சரக்கு

நான் மாட்டின சாஃப்ட்வேர் காசு குடுத்து வாங்கினது இல்ல. எங்கயோ வெளிநாட்டுல பத்துப் பேர் சேந்து எழுதி, எழுதினத ஒளிக்காம அப்பிடியே ஊருக்குப் பொதுவா விட்டது. யாரும் எடுக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம். மெட்ராஸ்ல இருக்கிற கூட்டாளி ஒருத்தன் அத சி.டி.யில ஏத்தி பஸ் பார்சல்ல போட்டு விட்டான். இத முத்தையாகிட்ட மறைக்காம சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சும்மா குடுக்கான்னா அது கழிவுப் பஞ்சாத்தான இருக்கும்னு புடிச்சுக்கிட்டாரு. நாளைக்குக் கோளாறுன்னா நான் யார் வீட்டு வாசல்ல போயி நிக்கன்னு ஒரே பிடி.

ஒளிவுமறைவு ஒண்ணும் இல்லன்னு காட்ட, அந்த புரோகிராம்ல கொஞ்சத்தப் பிரிண்ட் எடுத்து மேசையில வச்சேன். கொஞ்சம்னாலும் ஒரு தலகாணி ஒசரம். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமாப் புரட்டினாரு. ஒரு எழுத்துப் புரியலன்னாலும் மொகத்துல மரியாதை வந்துருச்சு. கடைசியில கண்ணாடியக் கழட்டிட்டுக் கேட்டாரு: "இம்புட்டையும் ஒக்காந்து எழுதிச் சும்மா குடுத்திருக்கானுவளே, இவனுவளுக்கெல்லாம் குடும்பம் குட்டி கிடையாதா பாய்?"

துண்டுக்கு அடியில

ரெண்டு கம்ப்யூட்டர் பேசணும்னா எதப் பேசலாம், எதப் பேசக் கூடாதுன்னு முன்கூட்டியே ஒப்பந்தம் வேணும். இதக் குருசாமிக்கு விளக்குறதுக்குள்ள எனக்கு நாக்கு வறண்டு போச்சு. அந்தாளு மெஷின் என் ஆபீசுக்குள்ள எட்டிப் பாக்குமான்னே கேட்டுக்கிட்டு இருந்தாரு. பொறவு மாட்டுச் சந்தை ஞாபகம் வந்துச்சு. துண்டுக்கு அடியில கையக் குடுத்து விரலப் புடிச்சு வெலை பேசுவாங்கல்ல, வெரல் மட்டுந்தான் தெரியும், மடியில என்ன இருக்குன்னு தெரியாது, அது மாதிரின்னேன். பட்டுன்னு பிடிச்சுக்கிட்டாரு. உக்காந்து ஒவ்வொண்ணாச் சொன்னாரு: நூல் நம்பர் சொல்லலாம், அளவு சொல்லலாம், தேதி சொல்லலாம். ஸ்டாக் சொல்லக் கூடாது, தறி எத்தன ஓடுதுன்னு மூச்சு விடக் கூடாது. எல்லாம் முடிஞ்சு நான் எந்திரிக்கும்போது கையப் பிடிச்சு நிறுத்தினாரு: "நல்லா இருக்கியான்னு அந்த மெஷின் கேட்டாலும், என் மெஷின் பதில் சொல்லக் கூடாது பாய்."

மொதல்ல கேக்கிறது யாரு

எங்க தொழில்ல ஒரு கம்ப்யூட்டர் கேக்கும், இன்னொண்ணு பதில் சொல்லும். அதுதான் முறை. துணி நெய்யிறவருக்குத்தான நூல் வேணும், அதனால குருசாமி மெஷின் கேக்கட்டும்னு நான் பாட்டுக்கு எழுதிட்டேன். வந்துச்சு பாருங்க வினை. மாப்பிள்ளை வீட்டுக்காரன் மெஷின் போயிக் கையேந்தி நிக்கணுமான்னு குருசாமி குதிச்சாரு. சரி, மில்லு மெஷின் 'நூல் வேணுமா'ன்னு கேக்கட்டும்னு மாத்திக்கிட்டு ராஜபாளையத்துக்கு ஓடினேன். பொண்ணையே குடுத்தாச்சு, இனி வாசல்ல போயி வேற கேக்கணுமான்னு முத்தையா கதவச் சாத்தாத குறை. படிச்ச படிப்புல இதுக்கு எங்கயும் பதில் கிடையாது.

ராத்தூக்கம் போனதுதான் மிச்சம்னு நெனச்சப்ப ஒரு வழி தட்டுச்சு. என் கடையில மூணாவதா ஒரு கம்ப்யூட்டர் வச்சேன். குருசாமி மெஷின் என் மெஷினுக்குப் போன் போட்டுத் தன் தேவையச் சொல்லிட்டு, தனக்கு வந்திருக்கிறத எடுத்துக்கிட்டுப் போயிரும். முத்தையா மெஷினும் என் மெஷினுக்குத்தான் போன் போட்டு, வந்திருக்கிறத எடுத்துக்கும். யாரும் யாரையும் கேக்கல. ரெண்டு பேருக்கும் சம்மதம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால முத்தையா ஒரு தடவை சரிபார்த்துக்கிட்டாரு: "அப்ப எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீரு இருக்கீரு, அவரு எனக்கு எதுத்தாப்புல இல்ல. அப்பிடித்தான?"

நாப்பது

லைன் ஓட ஆரம்பிச்ச மொத ஆர்டர் நாப்பது. ராஜபாளையத்துல இருந்து லாரி கெளம்பி வந்து குருசாமி ஃபேக்டரி வாசல்ல நின்னுச்சு. தார்ப்பாயத் தூக்கினா, மூலையில நாப்பதே நாப்பது கோன், அட்டைக் கூம்புல சுத்தின நூல், ஒரு மூட்டை கூடத் தேறாது. மிச்ச லாரி காலி. குருசாமிக்கு அளவுன்னா மூட்டை. முத்தையா மில்லுல எல்லாமே கோன் கணக்கு. ரெண்டு பேரும் என்கிட்ட 'அளவு'ன்னுதான் சொன்னாங்க, மெஷினும் நாப்பதுன்னா நாப்பதுன்னு நாணயமா எடுத்துக் குடுத்துருச்சு.

தறியெல்லாம் நூல் இல்லாம நிக்குது. லாரி டிரைவர் மட்டும் பாரமில்லாம வந்த சந்தோசத்துல பீடி பத்த வைக்கான். குருசாமி லாரிய ஒரு சுத்துச் சுத்தி வந்தாரு. சம்பந்தி வேணும்னே பண்ணினதாத்தான் அவருக்குப் பட்டுச்சு. நான் மூட்டை, கோன்னு மென்னு முழுங்கி விளக்கி, இனிமே எந்தக் கணக்குன்னு சேத்துச் சொல்ல வைக்கேன்னு சத்தியம் பண்ணினேன். பக்கத்துல நின்ன செல்விக்கு மொகம் செத்துப் போச்சு. அவ மாமனார் என்னைப் பாத்துச் சொன்னாரு: "முன்னாடி நாங்க ரெண்டு பேரு சண்டை போட்டோம், இப்ப மெஷினும் சேந்துக்கிடுச்சு பாய்."

வந்த ஆர்டர்

காதுகுத்து நெருங்கிருச்சு. செல்வி நேரா என் கடைக்கே பஸ் ஏறி வந்துட்டா. மூணாவது கம்ப்யூட்டரக் காட்டி, "மெஷினுக்குப் பண்ணின இதே வேலைய இவிய ரெண்டு பேருக்கும் பண்ணுங்கண்ணே"ன்னா. ஒப்பந்தத்துல நூலத் தவிர வேற பேச்சுக் கிடையாதேன்னு எனக்கு ஒதறல். தெரிஞ்சா ரெண்டு கம்பெனியும் போயிரும், கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான். ஆனாலும் அவ நின்ன நிலையப் பாத்து நகந்து எடம் விட்டேன். அவளே டைப் அடிச்சா. மறுநாள் காலையில ரெண்டு ஆபீஸ் பிரிண்டர்லயும் ஒரே காகிதம் வந்து விழுந்துச்சு. சரக்கு: பேரன். அளவு: ஒண்ணு. தேதி: வர்ற வெள்ளிக்கிழமை. இடம்: நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை, பெருமாள் கோயில் மலையடிவாரம். காரணம்: காதுகுத்து. தேவை: தாய்மாமன் மடி.

மொதல்ல குருசாமி போன். யாரு அனுப்பினதுன்னாரு. நடு மெஷின் அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் ஒரே காகிதம்னேன். அப்ப நான் அழைக்கல, அப்பிடித்தானன்னாரு. நீங்க அழைக்கலன்னேன். சரின்னு வச்சுட்டாரு. செத்த நேரத்துல முத்தையா. சம்பந்தி அனுப்பினாரான்னு கேட்டாரு. இல்ல, அவருக்கும் இதேதான் வந்திருக்குன்னேன். அவர் தொண்டையச் செருமிக்கிட்டுச் சொன்னாரு: "ஆர்டர்னு வந்துட்டா நான் என்னைக்குப் பாய் அனுப்பாம இருந்திருக்கேன்? மகனக் கூட்டிக்கிட்டு நானே வாரேன்."

மலையடிவாரத்துல

என்னையும் வரச் சொல்லியிருந்தாங்க. முத்தையா ஒரு மரத்தடியில, குருசாமி அடுத்த மரத்தடியில. நடுவுல மாமன் மடியில பய. ஆசாரி ஊசிய வச்சதுதான் தாமதம், பய போட்ட கூப்பாட்டுல கொரங்கெல்லாம் எட்டிப் பாக்குது. ரெண்டு தாத்தாவும் ஒரே ஓட்டமா ஓடி வந்து, ஒரே குரல்ல ஆசாரிய ஏசினாங்க, ஏலே பாத்துக் குத்துலேன்னு. ஏசி முடிச்சுட்டுப் பாத்தா, ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டி நிக்காங்க. நகர எடமும் இல்ல. செல்வி புள்ளயத் தூக்கி நேரா அவங்கப்பா கையில குடுத்தா. பய அப்பவும் நிறுத்தல. குருசாமி பேரனப் பாத்தாரு, முத்தையாவப் பாத்தாரு, பொறவு மெதுவாச் சொன்னாரு: "பயலுக்குத் தொண்டை உங்களுதுல்லா, சம்பந்தி."

லைன் கிடைக்கல

இனி நமக்கு ராஜயோகந்தான்னு நெனச்சேன். அடுத்த வாரமே நடு மெஷின் வெறிச்சோடிப் போச்சு. ஒரு ஆர்டரும் வரல, ஒண்ணும் போகல. கேபிள மாத்தினேன், சாஃப்ட்வேரப் பிரிச்சு மேஞ்சேன், மெட்ராஸ் கூட்டாளிய எழுப்பித் திட்டினேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. கடைசியில ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு குருசாமி ஆபீசுக்குப் போனேன். அங்க ஆபீசுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே போன் லைன். அந்தப் போன் குருசாமி காதுல இருந்துச்சு. செல்வி வாயப் பொத்திச் சிரிக்கா. காலையில எடுத்தா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வைக்காராம், ராஜபாளையத்துலயும் இதே கதைதானாம். நான் வாசல்ல நிக்கிறதக் குருசாமி பாத்தாரு. ரிசீவரக் கையால மூடிக்கிட்டுச் சொன்னாரு: "செத்த நேரம் பொறுங்க பாய், சம்பந்தி லைன்ல இருக்காரு."

ரெண்டு கம்ப்யூட்டரப் பேச வைக்க ஆயிரம் சாஃப்ட்வேர் வந்துருச்சு, ரெண்டு சம்பந்திகளப் போனக் கீழ வைக்க வைக்கிறதுக்குத்தான் எந்த ஊர்லயும் ஒருத்தனும் இன்னும் ஒண்ணும் எழுதல.