பிலிமத்தலாவையில் ஒரு மரக்கறி விருந்து

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகைக்குப் போவார்கள், பேராதனைப் பூங்காவுக்குப் போவார்கள். போன பள்ளி விடுமுறையில் நானும் மனைவியும் மத்தியானச் சாப்பாட்டுக்காகப் போனோம். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கிப் போய்ச் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது.

நிஸ்தார் நான் கண்டியில் வேலை பார்த்த காலத்துச் சிநேகிதன், வீடு பிலிமத்தலாவையில். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான். என் மனைவி வசந்தி மட்டும் அவன் வீட்டுப் பக்கம் போனதில்லை. அவள் முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத சைவம். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு காய்ச்சலோ கல்யாணமோ காரணமாக வந்துவிடும். இம்முறை நிஸ்தாரின் மனைவி ரிசானாவே தொலைபேசியில் பிடித்துவிட்டாள். “அக்கா, நீங்க வந்தாப் போதும். சட்டி, அகப்பை எல்லாம் ஒங்களுக்காகப் புதுசா வாங்கி வச்சீக்கிறேன்.” அதற்குப் பிறகு எந்தக் காய்ச்சல் வரும்? எனக்குத்தான் பயம். ஏதாவது பிசகினால் இருபது வருடச் சிநேகிதத்தில் கீறல் விழுந்துவிடும்.

இரவு பஸ் விடியற்காலையில் கண்டியில் இறக்கிவிட்டது. குளித்து, வாவியைச் சுற்றி நடந்துவிட்டு குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போனோம். பிலிமத்தலாவை பஸ் எது என்று ஓர் ஓட்டோக்காரரிடம் கேட்டேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டப் பக்கத்துக்காரர். “கொழும்பு போற எந்த பஸ்லயும் ஏறுங்க சார். எடத்த மட்டும் கண்டக்டர்கிட்ட சொல்லி வச்சிருங்க, இல்லாட்டி கடுகண்ணாவையில போய் நிப்பீங்க” என்றார். பன்னிரண்டு கிலோமீற்றர் தூரம், நெரிசல் இருந்தால் முக்கால் மணித்தியாலம். டிக்கற் ஓர் ஆளுக்கு நூறு ரூபாய்க்குள். சந்தியிலிருந்து வீட்டுக்கு ஓட்டோ முந்நூறு ரூபாய்.

மேசையைப் பார்த்ததும் பயணக் களைப்பு பறந்தது. மஞ்சள் சோறு, பருப்பு, கத்தரிக்காய் மோஜு, அன்னாசிக் கறி, புதினாச் சம்பல், அச்சாறு, சீனிச் சம்பல். தேங்காய்ப்பால் குழம்பு இருந்த ஒரு கிண்ணத்தைக் காட்டி “இது பாலாணம்” என்றாள் ரிசானா. வசந்தி ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்து, “அட, இது எங்கட சொதியெல்லோ!” என்றாள். இருவரும் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

அடுத்ததாக ஒரு மண்சட்டி வந்தது. கறுத்துச் சுண்டிய குழம்பில், இறைச்சிபோல் நார் நாராகத் துண்டுகள். வசந்தியின் கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்த பார்வையில் திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு நேரம் கேட்டாள்.

“அக்கா, பயப்படாதீங்க. பொலஸ். பிலாப்பிஞ்சு” என்று ரிசானா குசினிக்கு ஓடி, சமைக்காமல் மிச்சம் வைத்த பாதிப் பிஞ்சைத் தூக்கி வந்து காட்டினாள். வசந்தி வெட்கப்பட்டு இரண்டு துண்டு போட்டுக்கொண்டாள். அந்த வெட்கத்தில் சீனிச் சம்பலை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வம்பு அங்கேதான் இருந்தது. கை கழுவிவிட்டு வந்தவள், “இந்தச் சம்பல் எப்பிடிச் செய்யிறனீங்கள்?” என்று கேட்டாள்.

“லேசு அக்கா. பம்பாய் வெங்காயத்த நல்லா வதக்கி, கொச்சிக்காத்தூள், புளி, கறுவாப்பட்டை, ரம்பை இலை, கடைசில சீனி. மாசி ஒரு கை அள்ளிப் போடணும், இல்லாட்டி ருசி வராது.”

மாசி என்றால் சூரை மீன். அவித்து, கல்லுப்போல் காயவைத்து, இடித்துத் தூவுவது. தான் சொன்னது ரிசானாவின் காதில் அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

“அல்லாவே! மீனே வீட்டுக்கு வரக்கூடாதெண்டு ஒரு கெழமையா காவல் இருந்தேனே. மாசியும் மீன்தானெண்டு மண்டைக்கு வரவே இல்லயே!” என்று அழத் தொடங்கினாள். நிஸ்தார் கதிரையை விட்டு எழுந்து நின்றான், என்ன செய்வது என்று தெரியாமல். மற்றதில் ஒன்றிலும் இல்லை, சம்பலில் மட்டும்தான் என்று அவள் தேம்பியபடியே சொன்னாள்.

வசந்தி போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். வந்தவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்: “அழாதேங்கோ, பிள்ளை. மிச்சப் பிலாப்பிஞ்சு கிடக்கெல்லோ? எடுங்கோ, மாசி இல்லாமல் செய்து பாப்பம்.”

மாசி படாத புதுப் பருப்புச் சட்டியைக் கழுவி அடுப்பில் வைத்தார்கள். பிஞ்சை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நாராகப் பிய்த்து, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுத்தார்கள். வெங்காயம் பொன்னிறமாகி, புளியும் மிளகாய்த்தூளும் சீனியும் சேர்ந்து எண்ணெய் மேலே வந்ததும், மாசிக்குப் பதிலாக அந்த நாரைப் போட்டுப் பிரட்டினார்கள். நானும் நிஸ்தாரும் வாசலில் நின்று வாசம் பிடித்தோம். எங்களை உள்ளே விடவில்லை.

வீட்டில் சைவ விருந்தினருக்குச் சமைப்பவர்கள் இந்தச் சம்பலைச் செய்து பாருங்கள். பாணுக்கும் இடியப்பத்துக்கும் நல்ல துணை. ஈரமில்லாத போத்தலில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு கிழமை இருக்கும். விருந்துக்குப் போகும் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு சொல்: இறைச்சி, மீன், முட்டை வேண்டாம் என்று சொன்னால் போதாது, மாசியும் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். நம் நாட்டில் மாசியை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை.

புறப்படும்போது ரிசானா வாசல்வரை வந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது. “அக்கா, இனி எங்க வீட்டுப் பக்கம் வரமாட்டீங்க, என்ன?” என்றாள்.

வசந்தி ஓட்டோவுக்குள் இருந்து தலையை நீட்டினாள். “அந்தச் சட்டி என்ர. அதில இறைச்சி கிறைச்சி சமைச்சுப் போடாதேங்கோ. தைப்பொங்கல் லீவுக்கு வாறன்.”